வீட்டை எழுதிக் கொடுப்பதற்கு முன்

சார்பதிவாளர் அலுவலகங்களில் நாள்தோறும் பதிவாகிற ஒரு பத்திரம் உண்டு: தானசெட்டில்மெண்ட். அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கும்போதே வீட்டையோ நிலத்தையோ பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுப்பது. அதன் வாசகம் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். ‘தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கும். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று நடுவில் வரும். ‘இனி இச்சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் இல்லை’ என்று முடியும். கையெழுத்துப் போடுகிறவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். இனி அவர் எங்கே இருப்பார், படுத்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வார், ஆள் வைக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பது பற்றி அந்தப் பத்திரத்தில் ஒரு வரிகூட இருக்காது.

சொத்துப் பிரிப்பதும் முதுமைக்கால பராமரிப்பும் நம் வீடுகளில் இரண்டு தனிப் பேச்சுகளாக நடக்கின்றன. முதலாவது வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ நடக்கும். இரண்டாவது பெரும்பாலும் மருத்துவமனை வராந்தாவில், அவசரத்தில் நடக்கும். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. அந்த வீடுதான் பல பெரியவர்களிடம் இருக்கிற ஒரே பெரிய சேமிப்பு. அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பராமரிப்புச் செலவைப் பற்றி யோசிப்பது வரிசையைத் தலைகீழாக்குவது. ‘நான் இருக்கும்வரை எதை வைத்து வாழ்வேன்’ என்பதை முடிவு செய்த பிறகே ‘எனக்குப் பின் யாருக்கு’ என்ற கேள்விக்கு வர வேண்டும்.

செலவிலிருந்தே தொடங்குவோம். ஜப்பானில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் சந்தா கட்டும் பராமரிப்புக் காப்பீடு 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஜெர்மனியில் அதற்கும் முன்பே வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அது ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுச் சிகிச்சை பெறுவதற்கான காப்பீடு. பக்கவாதம் வந்தவருக்குப் பத்து நாள் ஐசியு செலவைக் கொடுக்கும். அதன்பின் பத்து ஆண்டு வீட்டில் புரட்டிப் படுக்க வைத்து, குளிப்பாட்டி, சோறூட்ட வைத்திருக்கும் ஆளின் சம்பளத்தைப் பெரும்பாலான பாலிசிகள் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அது அவசியம்தான். 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி எடுக்க முடியாது என்ற தடையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் நீக்கியது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் தன்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று 2025 ஜனவரியில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அந்தப் பாலிசியைக் காட்டி, ‘பராமரிப்புக்கு வழி செய்துவிட்டேன்’ என்று இருந்துவிட முடியாது.

அரசு தரும் உதவி மெல்லியது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதுவும் ஆதரவற்றவர்களுக்கு. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. இது பலருக்குத் தெரியாமலே போகிறது. பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

ஆக, மாதச் செலவுக்குச் சொந்தப் பணம்தான். கையில் ரொக்கம் இருப்பவர்களுக்கு முதல் வழி, தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயதானவர் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2023-க்கு முன் 15 லட்சமாக இருந்தது. ஐந்தாண்டுத் தவணை. வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கைக்கு வரும். 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500. கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போட முடிந்தால் அது இரட்டிப்பாகும். நிலத்தை விற்ற பணத்தையும் ஓய்வுக்காலப் பணத்தையும் பிள்ளையின் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமாகக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

வீடு மட்டும் இருக்கிறது, ரொக்கம் இல்லை என்பவர்களுக்கு ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ என்ற கடன் 2007 முதல் இருக்கிறது. வீட்டுக் கடனில் நாம் வங்கிக்கு மாதாமாதம் கட்டுவோம். இதில் வீட்டின் மதிப்பை வைத்து வங்கி நமக்கு மாதாமாதம் கொடுக்கும். 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். வீடு சொந்தச் சம்பாத்தியமாகவும் நாம் குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் இருக்கும்வரை யாரும் வெளியேற்ற முடியாது. வரும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. இருவரும் காலமான பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையென்றால் வங்கி விற்றுக் கடனைக் கழித்து மிச்சத்தை வாரிசுகளுக்குத் தரும். கடன் வீட்டு மதிப்பைத் தாண்டினாலும் வாரிசுகள் கைக்காசைப் போட வேண்டியதில்லை. நல்ல திட்டம், ஆனால் எடுத்தவர்கள் குறைவு. வங்கிகள் ஆர்வம் காட்டுவதில்லை. கிளையில் கேட்டால் விழிப்பார்கள். வீட்டை அடகு வைத்துச் சாப்பிடுவதா என்ற கூச்சமும் நமக்கு உண்டு. மகனிடம் மாதம் ஐயாயிரத்துக்குக் கை நீட்டுவதைவிட இது கௌரவக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

கோயம்புத்தூரைச் சுற்றி நிறைய வந்துவிட்ட முதியோர் குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும்: நடமாட்டம் நின்றுபோனால் என்ன செய்வார்கள்? பல இடங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்தான். முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

புத்தி தெளிவாக இருக்கும்போது

பலர் தடுமாறி விழுகிற இடம் இதுதான். அப்பாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ‘பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம், பேங்க் வேலை, சொத்து வேலை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மகன் நினைக்கிறார். புத்தி தெளிவில்லாதவர் எழுதிக் கொடுக்கும் பவர் செல்லாது என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். தெளிவாக இருந்தபோது எழுதிக் கொடுத்த பவரும், பிறகு அவர் புத்தி தெளிவை இழந்தால் அன்றோடு முடிந்துபோகும் என்பது பலருக்குத் தெரியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் பவர் போகும், சித்தம் கலங்கினாலும் போகும். மறதி வந்த பிறகும் உயிரோடிருக்கும் பவர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு; நம் நாட்டில் அதற்குச் சட்டம் இல்லை. பவர் தேவைப்படுகிற நேரத்தில்தான் பவர் இல்லாமல் போகிறது.

அப்புறம் என்ன வழி? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி ஒருவர் தனக்கு ‘நியமனப் பிரதிநிதி’யை வைத்துக்கொள்ளலாம். அவர் மனநோய்ச் சிகிச்சை பற்றி முடிவெடுக்கலாமே தவிர வங்கிக் கணக்கைத் தொட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது முதுமை மறதிக்குப் பொருந்தாது. கடைசியில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கைத் தீர்த்தது. கணவர் கோமாவில் இருந்தார். சிகிச்சைக்குப் பணம் புரட்ட அவர் பெயரில் இருந்த சொத்தை விற்க மனைவிக்கு அனுமதி தேவைப்பட்டது. தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்தது; விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பில் போட வேண்டும் என்றும் சொன்னது. நியாயம் கிடைத்தது. ஆனால் கணவரைப் பார்த்துக்கொண்டே ஒரு மனைவி உயர் நீதிமன்றத்தில் இரண்டு முறை வாதாட வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலை முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். வங்கிக் கணக்கையும் வைப்புகளையும் கணவன்-மனைவி பெயரிலோ நம்பிக்கையான பிள்ளையோடு சேர்த்தோ ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறைக்கு மாற்றிவிடுங்கள். வைப்பைத் தவணைக்கு முன் உடைக்க மற்றவர் கையெழுத்து மட்டும் போதும் என்ற சம்மதத்தையும் வங்கியில் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனவர்கள் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன் கைநாட்டு வைக்கலாம், அவர்களில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கிளை மேலாளர் மறுத்தால் அந்த வழிகாட்டுதலைச் சொல்லிக் கேளுங்கள். சொத்துகளில் எதையாவது விற்கத்தான் போகிறோம் என்றால் அதை நினைவு தெளிவாக இருக்கும்போதே விற்றுப் பணமாக்கிவிடுவது மேல்.

சிகிச்சை பற்றியும் ஒன்று எழுதி வைக்கலாம். மீளவே முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டும் என்று வைத்த நிபந்தனையால் எழுதியவர்கள் மிகக் குறைவு. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. இதில் சொத்து விஷயம் எதுவும் இல்லை. இருந்தாலும், ‘அப்பாவுக்கு என்ன வேண்டும்’ என்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டுவது இதனால் குறையும், பணமும் மிஞ்சும்.

உயிலா, செட்டில்மெண்டா?

உயில் எழுதினால் ‘சாவைக் கூப்பிடுவது’ போல என்று இன்னும் பலர் தயங்குகிறார்கள். சொத்துக்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பான காகிதம் வேறில்லை. உயிரோடு இருக்கும்வரை சொத்து உங்களுடையது. விற்கலாம், அடகு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். மனம் மாறினால் உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நீங்கள் கையெழுத்திட்டு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்பேன். பதிவான உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் இருக்கும்வரை உங்களையும் உங்கள் முகவரையும் தவிர யாரும் அதன் நகலை வாங்க முடியாது. யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து வீட்டில் முகம் சுளிக்க வாய்ப்பே இல்லை.

உயில் வழக்குகள் பெரும்பாலும் சட்ட நுணுக்கத்தில் தோற்பதில்லை, சந்தேகத்தில் தோற்கின்றன. உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்கு இடமான சூழல் இருந்தால் அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. சொத்து பெறுகிற மகனே வக்கீலை அழைத்து வந்திருப்பார், அவருடைய மச்சானே சாட்சியாக இருப்பார், எழுதிய மறு மாதம் அப்பா இறந்திருப்பார். இப்படி ஒரு உயிலை நீதிமன்றத்தில் நிலைநிறுத்துவது பெரும்பாடு. எனவே சொத்தில் பங்கில்லாத, உங்களைவிட வயது குறைந்த இருவரைச் சாட்சியாக்குங்கள். வயது எழுபதைத் தாண்டியிருந்தால் அன்றைய தேதியில் ஒரு டாக்டரின் சான்றும் வாங்கி வைப்பது உதவும். ஒரு பிள்ளைக்குக் குறைத்தோ கொடுக்காமலோ விட்டால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சென்னை நகரத்துச் சொத்துகளுக்கான இந்துக்களின் உயில்களுக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் மெய்தான் என்ற நீதிமன்றச் சான்று) வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டாயத்தை விதித்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கிவிட்டது.

யார் எதை எழுத முடியும் என்பதிலும் வரம்பு இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம். முஸ்லிம்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான்; அதையும் வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன் என்பது உயிலுக்கு மாற்று அல்ல. நாமினி பணத்தைப் பெற்று உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்ல. 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம் என்று ஆனபோதும் இந்த விதி மாறவில்லை.

உயில் இவ்வளவு வசதி என்றால் ஏன் எல்லாரும் செட்டில்மெண்ட் எழுதுகிறார்கள்? ஒன்று, செலவு அதிகமில்லை. தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் அதிகபட்சம் 10,000. இரண்டு, நாம் போன பிறகு பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்ற பயம். மூன்றாவதை யாரும் வெளியே சொல்வதில்லை: பிள்ளைகளின் நெருக்கடி. ‘உங்களை நான்தானே பார்த்துக்கொள்ளப் போகிறேன்’ என்ற பேச்சு வாய்மொழியாகவே இருக்கும். பத்திரத்தில் ஏறாது.

செட்டில்மெண்ட் பதிவாகிவிட்டால், மனம் மாறிவிட்டது என்று நீங்களாகப் போய் ரத்துப் பத்திரம் போட முடியாது. அதைத் திரும்பப் பெறச் சட்டம் திறந்துவைத்திருக்கும் குறுகிய வாசல், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் அதை அந்தச் சட்டப்படி அமைந்த பராமரிப்புத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். இதில் ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லைச் சுற்றித்தான் எல்லாச் சண்டையும். நிபந்தனை இருந்ததை நிரூபிக்காமல் 23-ஆம் பிரிவு கிடைக்காது என்றது உச்ச நீதிமன்றம், 2022 டிசம்பரில். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, வீட்டை அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அங்கே மகன் பார்த்துக்கொள்வதாகத் தனியே எழுதிக் கொடுத்த உறுதிச்சீட்டு இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று பத்திரத்தில் இருந்தாலே, பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது.

பெரியவர்களுக்கு ஆறுதலான தீர்ப்புதான். அதை நம்பி நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் உங்கள் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பத்திர எழுத்தரிடம் இருக்கும் மாதிரியில் இந்த வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

‘மேற்படி வீட்டில் நானும் என் மனைவியும் எங்கள் ஆயுட்காலம் வரை குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதுவரை தாங்கள் இதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. எங்களுக்கு உணவு, உடை, மருத்துவம், உடல் பராமரிப்பு ஆகியவற்றைத் தங்கள் செலவில் செய்து வர வேண்டியது. தவறினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி இந்த ஏற்பாட்டை ரத்து செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.’

ஆயுட்கால அனுபோகத்தை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பது செல்லும் என்பதில் சந்தேகமில்லை. இந்த வரிகளால் வேறொரு பலனும் உண்டு. மகன் வீட்டை மூன்றாம் ஆளுக்கு விற்கப் போனால், பத்திரத்தைப் படிக்கிற எந்த வக்கீலும் வாங்குகிறவரைத் தடுத்துவிடுவார். சொத்து கைமாறிவிட்ட பிறகு தீர்ப்பாயத்துக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். இந்த வரிகளைப் பார்த்து, ‘என் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று பிள்ளை கோபித்துக்கொண்டால், உயிலே போதும் என்று முடிவெடுக்க அந்தக் கோபமே காரணமாக இருக்கட்டும்.

எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு

ஏற்கெனவே கொடுத்துவிட்டு வருந்துகிறவர்களும், சொத்தே இல்லாமல் பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்களும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: வருவாய் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயம். நீதிமன்றக் கட்டடத்தில் தேடாதீர்கள், கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும். நீங்களே போக முடியாவிட்டால் நீங்கள் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள் என்பது விதி. நடைமுறையில் இழுக்கிறது, இடைக்காலப் பராமரிப்புத் தொகையை முதல் நாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு.

தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய அதிகபட்சப் பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய். 2007-ல் வைத்த வரம்பு அது. இன்று வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆளின் சம்பளத்துக்குக்கூடப் போதாது. இதைவிட அதிகம் கேட்பவர்கள் குற்றவியல் நடைமுறையில் பழைய 125-ஆம் பிரிவு இருந்த இடத்தில் வந்திருக்கும் 144-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது.

மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி எல்லாரிடமும் கேட்கலாம். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது விலக்கு அல்ல. பிள்ளை இல்லாதவர்களுக்கும் வழியிருக்கிறது என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும்: உங்கள் சொத்தை அனுபவிக்கிற அல்லது உங்களுக்குப் பின் அது யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். மகன் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய் முதல் வகுப்பு வாரிசு; மருமகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் சமமாக ஒரு பங்கு உண்டு. தகப்பனுக்கு அந்த இடம் இல்லை. வாரிசுச் சான்றில் தாயின் பெயரை விட்டுவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

யாரிடம் போவது?

பத்திர எழுத்தர் பத்திரம் எழுதுவார், ஆலோசனை சொல்வது அவர் வேலை அல்ல. இந்த விஷயத்துக்கு உரிமையியல் வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரை ஒருமுறையாவது பாருங்கள். ஒரே நிபந்தனை, தனியாகப் போங்கள். சொத்து வாங்கப் போகிற பிள்ளை பிடித்துக் கொடுத்த வக்கீல் அந்தப் பிள்ளைக்குத்தான் வக்கீல். உங்கள் முன்னால் அமர்ந்திருந்தாலும் ஃபீஸ் கொடுப்பவரின் நலனைத்தான் பார்ப்பார். அதில் தவறு சொல்வதற்கில்லை, அவர் தொழில் அது. போகும்போது மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வைப்புகளின் பட்டியல், மாத வரவு செலவு இவற்றை எடுத்துப் போங்கள். ‘நான் படுத்துவிட்டால் இந்தப் பணம் எத்தனை ஆண்டுக்கு வரும்?’ என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல உட்காருகிற வக்கீலிடம் மிச்சத்தைப் பேசலாம். எடுத்த எடுப்பிலேயே ‘யார் பேருக்கு எழுதணும்?’ என்று கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

தீர்ப்பாயத்தில் சட்டத்தின் எழுத்துப்படி எந்தத் தரப்புக்கும் வக்கீல் வாதாடக் கூடாது. சில உயர் நீதிமன்றங்கள் இதை வேறுவிதமாகப் பார்த்திருக்கின்றன. வக்கீல் இல்லாமலும் மனுவைச் சரியாக எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. கட்டணமில்லாத சட்ட உதவி எண் 15100. முதியவர்களுக்கென்றே இருக்கும் உதவி எண் 14567. கைவிடப்பட்டவர்கள், வீட்டில் துன்புறுத்தப்படுகிறவர்கள் பற்றி அக்கம்பக்கத்தார்கூட அதில் சொல்லலாம். இலவசச் சட்ட உதவிக்கு ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். பெண்களுக்கு, எவ்வளவு வருமானம் இருந்தாலும், அந்த வரம்பு கிடையாது.